சுபமாக முடியும் கதைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

சிங்கப்பூரிலிருந்து தங்கை எழுதும் மடல். விழுப்புரத்திலிருந்து நீயும் மாமாவும் எழுதிய மடல் கிடைத்தது. இப்போதெல்லாம் என்ன படிக்கிறாய் என்று நீ கேட்டிருந்தாய். அதற்குக் கீழே, இன்னமும் அந்தக் காதல் நாவல்கள்தாமா என்று மாமா தம் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஆயுள் முழுதும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள் கேட்கும் கேள்வியில் உள்ள வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆயினும் அதற்கு ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. நம் அம்மாவும் அத்தைமாரும் அடுப்படி வேலை ஒழிந்த பிற்பகல்களில் அத்தனை ஆவலோடு படித்த அந்தப் புத்தகங்களைப் பற்றி, படிக்காதவர்கள் இகழ்ந்தும் படித்தவர்கள் வெட்கப்பட்டும் பேசுவதே வழக்கமாகிவிட்டதேயன்றி, நல்லது இன்னது, குறை இன்னது என்று நிதானமாக எடுத்துச் சொன்னவர்கள் மிகச் சிலரே.

ஆம் மாமா, படிக்கிறேன். இங்குள்ள பொது நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்களுக்கென்றே தனி அலமாரிகள் இருக்கின்றன. அவற்றில் தாள் கசங்கி, முதுகு தளர்ந்து, பல கைகள் மாறியதற்கு அடையாளமாக நிற்பவை பெரும்பாலும் ரமணிசந்திரனின் நாவல்கள்தாம். வேலை முடிந்து இரயிலில் வீடு திரும்புகையில் அவற்றில் ஒன்று என் மடியில் இருப்பது உண்டு. இமையமும் கண்மணி குணசேகரனும் பெருமாள்முருகனும் இருப்பதும் உண்டு. இவர்களைப் படிப்பதற்கு ஒரு மனம், அவர்களைப் படிப்பதற்கு வேறொரு மனம் என்று எனக்கு இரண்டு மனம் இல்லை.

விழுப்புரத்தில் வாழும் உனக்கு, இந்தக் கதைகளுக்கும் நம் ஊருக்கும் உள்ள பழைய உறவைச் சொல்ல வேண்டியதில்லை. திருச்சி மார்க்கமும், கடலூர் மார்க்கமும், புதுச்சேரிக்கும் காட்பாடிக்கும் போகும் கிளைகளும் பிரியும் சந்திப்பு அது. 1960களின் நடுவில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் கேஜ் பாதையை மின்மயமாக்கிய பின்னர், எழும்பூரிலிருந்து வந்த வண்டிகளெல்லாம் அங்கே மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சினைப் பூட்டிக்கொண்டே தெற்கே போக வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பு நேரந்தான் நடைமேடைப் புத்தகக் கடைக்கு வியாபார நேரம். இட்லிப் பொட்டலத்தோடும் காப்பியோடும், கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட மாத நாவலொன்றையும் ஜன்னல் வழியே கை நீட்டி வாங்கிக்கொண்ட பிரயாணிகள் எத்தனை பேர்! 1969இல் அகிலனின் 'பொன்மல'ரோடு தொடங்கிய ராணிமுத்து, ஒரு முழு நாவலை ஒரு ரூபாய்க்குத் தந்தது. அதன் பின்னே மாலைமதி முதலிய பல மாத நாவல்கள் வந்தன. கெட்டி அட்டை போட்ட புத்தகம் வாங்குவதென்பது நம் போன்ற வீடுகளில் நினைத்தும் பார்க்க முடியாத செலவாக இருந்த காலத்தில், காய்கறிக் காசில் மிச்சம் பிடித்து ஒரு பெண் தனக்கென்று வாங்கிக்கொள்ளக்கூடிய முதல் புத்தகம் அதுவாகவே இருந்தது.

திண்டிவனத்தில் நம் தெருமுனையில் இருந்த வாடகைப் புத்தகக் கடையை நீ மறந்திருக்க மாட்டாய். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. கோடு போட்ட நோட்டில் பெயரும் தேதியும். அட்டைப் படங்களும் தலைப்புகளும் ஒன்றைப் போலவே ஒன்று இருந்தபடியால், படித்ததையே மறுபடி எடுத்து வந்து வாடகையை வீணாக்காதிருக்க, ஒவ்வொரு வாசகியும் தமக்கென்று ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு அதன் ஓரத்தில் ஒரு சின்னக் குறி இட்டு வைப்பார்கள். அம்மாவின் குறி இருபத்தைந்தாம் பக்கத்துக் கீழ்மூலையில் ஒரு புள்ளிக்கோலம்; பக்கத்து வீட்டு ஆசிரியையினுடையது தலைகீழான ஒரு 'ர'. ஒரே புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு குறிகளைப் பார்த்திருக்கிறேன். விமரிசகர் எவரும் ஒரு வரி எழுதாத அந்த நாவல்களுக்கு, அவற்றை நாடி வந்த பெண்கள் தம் கைப்பட இட்ட சாட்சிக் கையெழுத்து அது.

இனி, அந்தக் கதைகளின் தராதரத்திற்கு வருகிறேன். ரமணிசந்திரன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவருடைய கதைகளை அருணோதயம் பதிப்பகத்தார் புத்தகமாகத் தொடர்ந்து வெளியிட்டு வந்திருக்கிறார்கள். ஏழ்மையிலும் தன்மானம் குன்றாத ஒரு பெண், செல்வமும் முன்கோபமும் ஒருசேர வாய்த்த ஒரு தொழிலதிபன், யாரோ மூட்டிய ஒரு சந்தேகம், நிர்ப்பந்தத்தால் நடந்துவிடும் ஒரு விவாகம், ஒரே கூரையின் கீழ் அந்நியராய் வாழும் சில மாதங்கள், பிறகு மெல்ல மெல்ல விலகும் திரை: பெரும்பாலான கதைகளின் அமைப்பு இதுதான். முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதே, பிறகு படிப்பானேன் என்று மாமா கேட்பார்கள். முடிவு தெரிந்திருப்பதே அந்த வாசகிக்கு வேண்டியிருக்கிறது என்பது என் பதில். ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க அறிஞர், காதல் நாவல்களை ஓயாது படிக்கும் சாதாரணக் குடும்பப் பெண்களை நேரில் கண்டு பேசி, 1984இல் ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். கதையில் வருவதைக் காட்டிலும், கையில் புத்தகம் இருக்கும் நேரம் தங்களுக்கே உரிய நேரம் என்பதைத்தான் அப்பெண்கள் பெரிதாகச் சொன்னார்கள் என்று அவர் எழுதுகிறார். அம்மா புத்தகமும் கையுமாக இருந்த வேளையில் அப்பா கூட இரைந்து கூப்பிட்டதில்லை என்பதை எண்ணும்போது, அந்த அமெரிக்க அம்மையார் திண்டிவனத்திற்கே வந்து எழுதினாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காகக் குறைகளை மறைக்க நான் விரும்பவில்லை. இவ்வகைக் கதைகள் பலவற்றில் நாயகனின் முரட்டுத்தனம், அவன் உள்ளத்தில் ஊறும் அன்பின் அறிகுறியாகவே சித்திரிக்கப்படுகிறது. சுடுசொல் பேசுகிறான், மணிக்கட்டைப் பற்றி இழுக்கிறான், சில கதைகளில் கை ஓங்குகிறான், கடைசி அத்தியாயத்தில் ஒரு மன்னிப்போடு எல்லாம் தீர்ந்துபோகிறது. வாழ்க்கையில் கை ஓங்கியவன் கடைசி அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. இதைப் பதினேழு வயதில் படித்தபோது என் நெஞ்சு படபடத்தது. இன்று படிக்கும்போது அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாமா என்று தோன்றுகிறது. வாசகியின் அபிமானத்தை இவ்வளவு பெற்றவர்கள், அவளுக்கு இந்த ஒரு விஷயத்தில் இன்னும் பொறுப்போடு எழுதியிருக்கலாம்.

எழுத முடியாது என்பதும் இல்லை. முந்தைய தலைமுறையில் லக்ஷ்மி எழுதிக் காட்டினாரே! லக்ஷ்மி என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி மருத்துவம் படித்தவர்; அந்தப் படிப்புச் செலவுக்கே கதை எழுதிச் சம்பாதித்தவர். 1955இல் மணம் புரிந்து தென்னாப்பிரிக்கா சென்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் கடலுக்கு அப்பால் வாழ்ந்து, திரும்பி வந்தும் எழுதி, 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக சாகித்ய அகாதெமி பரிசு பெற்றவர். அவருடைய 'பெண் மனம்' என்ற நாவல்தான் 1963இல் 'இருவர் உள்ளம்' என்ற திரைப்படமாயிற்று. நிர்ப்பந்தத்தால் நடந்த விவாகந்தான் அதிலும். ஆனால் கணவன் என்ற உரிமை ஒன்றினாலேயே ஒருவன் மனைவியின் மனத்தை அடைந்துவிட முடியாது, தன் நடத்தையால் அதற்குத் தகுதி தேடிக்கொள்ள வேண்டும் என்பதை, உபதேசம் செய்யாமல் கதையின் போக்கிலேயே நிலைநாட்டுகிறாள் அந்தக் கதாநாயகி. அவளுடைய மதிப்புக்காகக் காத்திருக்கும் நாயகனாக நடித்தவர், உங்கள் விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன். காதல் கதையின் ரசம் குன்றாமலே பெண்ணின் கௌரவத்தைக் காக்கலாம் என்பதற்கு எனக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தெரியவில்லை.

இன்னொரு குறை இதைக் காட்டிலும் ஆழமானது. இத்தனை காதல் நாவல்களில் நம் ஊர் எங்கே, அக்கா? நாயகனுக்குச் சென்னையில் பங்களா இருக்கிறது, கோயம்புத்தூரில் ஆலை இருக்கிறது, ஊட்டியில் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மயிலத்திலோ விக்கிரவாண்டியிலோ ஒருவன் காதலித்ததாக நான் படித்த கதைகளில் எங்கும் இல்லை. மணிலாக் கொல்லையும் கரும்பு லாரியும் செஞ்சிப் பேருந்தும் அந்த உலகத்துக்குள் நுழைவதே இல்லை. ஊர் இல்லாமற் போனதற்குக் காரணம், ஊரைச் சொன்னால் தெருவைச் சொல்ல வேண்டும், தெருவைச் சொன்னால் ஜாதியைச் சொல்ல வேண்டும் என்பதுதான் என்று நான் நம்புகிறேன். ஊர்த்தெரு, காலனி என்று பிரிந்து கிடக்கும் நம் பக்கத்துக் கிராமங்களில், ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஒருவரை ஒருவர் விரும்பினால், அவர்கள் கடக்க வேண்டியது நாயகனின் முன்கோபத்தையோ பொறாமைக்கார அத்தையின் சூழ்ச்சியையோ அல்ல. காதலுக்கு நேரும் உண்மையான இடையூறு எதுவோ அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டு, மற்ற இடையூறுகளையெல்லாம் சொல்லுகின்றன அந்தக் கதைகள்.

அதைச் சொன்னவர்கள் வேறு அலமாரியில் இருக்கிறார்கள். பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013இல் வெளிவந்தது. ஜாதி கடந்து மணந்து அவ்வாண்டில் தர்மபுரியில் உயிர் நீத்த இளவரசனுக்கு அது சமர்ப்பணம் செய்யப்பட்டிருக்கிறது. குமரேசனும் சரோஜாவும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பிரியத்தில், எந்தக் காதல் நாவலுக்கும் குறையாத இனிமை இருக்கிறது. அந்த இனிமை இருப்பதனால்தான் பிற்பகுதியைப் படிக்க நெஞ்சு நடுங்குகிறது. விருத்தாசலம் பக்கத்துக் கண்மணி குணசேகரன் எழுதிய 'அஞ்சலை'யில், ஒருவனைக் காட்டி இன்னொருவனுக்குக் கட்டி வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வாழ்க்கை, நம் நடுநாட்டுப் பேச்சில், முந்திரிக்காட்டு வெயிலோடு எழுந்து நிற்கிறது. நிர்ப்பந்த விவாகம் என்ற அதே விஷயந்தான். ஆனால் திரை விலகிக் கணவன் தெய்வமாகும் கட்டம் அதில் இல்லை.

இமையத்தின் 'செல்லாத பணம்' என்ற நாவலைப் படித்த இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. பொறியியல் படித்த ரேவதி, பர்மாவிலிருந்து வந்த அகதிக் குடும்பத்துப் பையனான ஆட்டோ ஓட்டும் ரவியை, பெற்றவர்கள் அழுதும் மிரட்டியும் கேளாமல் மணந்துகொள்கிறாள். சில ஆண்டுகளில் தீப்புண்பட்ட உடம்போடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நம் பக்கத்து ஜனங்கள் கடைசி நம்பிக்கையோடு ஓடும் ஆஸ்பத்திரி அது. அந்த வார்டு வாசலில் ஒரு தடவையாவது நின்றிராத குடும்பம் நம் உறவில் இல்லை. தலைமையாசிரியரான தகப்பனார், மகளோடு ஆண்டுக்கணக்காகப் பேசாதிருந்தவர், இப்போது எவ்வளவு பணமானாலும் தருகிறேன் என்று தவிக்கிறார். அந்தப் பணத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. காதலித்தவன் கெட்டவன், பெற்றவர்கள் நல்லவர்கள் என்றோ, அதை மாற்றியோ, ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. ரவியும் தன் பக்கத்து நியாயத்தைப் பேசுகிறான்; கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. 2018இல் வெளிவந்த இந்நாவலுக்கு 2020ஆம் ஆண்டுக்குரிய சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. மாமா இன்னும் படிக்கவில்லையெனில் அவசியம் படிக்க வேண்டும். ஒரு தலைமையாசிரியரின் மனத்தை இவ்வளவு கிட்ட நின்று பார்த்த புத்தகம் வேறொன்றை நான் கண்டதில்லை.

ஆனால், அக்கா, இந்த உயர்ந்த நாவல்களிலும் எனக்கு ஓர் ஏக்கம் எஞ்சி நிற்கிறது. நம் ஊரைச் சொல்லும் கதைகளிலெல்லாம் காதலித்தவர்கள் மாண்டு போகிறார்கள். காதலித்தவர்கள் வாழும் கதைகளிலெல்லாம் நம் ஊர் இல்லை. உண்மையிலோ, ஜாதி விட்டு மணந்து, சில ஆண்டு சென்னையிலோ புதுச்சேரியிலோ மறைந்து வாழ்ந்து, குழந்தை பிறந்ததும் பாட்டியின் மனம் இளக, பொங்கலுக்குத் தயங்கித் தயங்கி ஊர் திரும்பி, இன்று திண்ணையில் உட்கார்ந்து எல்லோரோடும் பேசிக்கொண்டிருக்கும் தம்பதிகளை நீயும் நானும் அறிவோம். அவர்கள் கதையை எழுதியவர் யார்? சுபமான முடிவை வேண்டுவது வாசகியின் பலவீனம் என்று நான் ஒப்பமாட்டேன். அந்தச் சுபம் நம் மண்ணில், நம் தெருக்களின் பெயரோடு, என்ன விலை கொடுத்துக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால், அம்மா குறியிட்ட புத்தகங்களின் இன்பமும் இமையத்தின் உண்மையும் ஒரே புத்தகத்தில் கூடிவரும்.

உன் மகள் கைப்பேசியில் தொடர்கதை எழுதுகிறாள் என்றும், அதை மாமாவுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். மாமாவும் இந்த மடலைப் படிப்பார்களாகையால் அது இனி இரகசியமாக இராது. கோபிக்க வேண்டாமென்று அவர்களை நான் கேட்டுக்கொள்கிறேன். வை. மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, 'ஜகன்மோகினி' பத்திரிகையும் நடத்தியபோது, அவர் கணவர் உடனிருந்து உதவினாரேயன்றித் தடுக்கவில்லை என்பதை மாமா அறியாதவர்களல்லர். அவள் அனுப்பிய அத்தியாயங்களைப் படித்தேன். சம்பாஷணை நன்றாக வருகிறது. கதாநாயகனைக் கொடைக்கானலிலிருந்து கூட்டிவந்து திண்டிவனத்தில் குடிவைக்கச் சொல். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் அவனுக்கு ஒரு வேலை கொடுக்கட்டும். அவனைக் கிறிஸ்தவனாகவும் அவளை இந்துவாகவும் வைத்துக்கொண்டால், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க, மனுக் கொடுத்து, இருவர் பெயரையும் விலாசத்தையும் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டி, எவரேனும் ஆட்சேபிக்கிறார்களா என்று முப்பது நாள் காத்திருக்க வேண்டும். கடைத்தெருவுக்குப் போகும் எவரும் நின்று படிக்கக்கூடிய பலகையில் ஒரு காதல் முப்பது நாள் தொங்குவதைக் காட்டிலும் பெரிய நெருக்கடியை எந்தக் கதாசிரியர் கற்பனை செய்துவிட முடியும்? நாளுக்கு ஓர் அத்தியாயமாக முப்பது அத்தியாயம் எழுதட்டும். முப்பத்தோராம் அத்தியாயத்தில் கல்யாணம் நடந்தாக வேண்டும் என்று சித்தி கண்டிப்பாகச் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை