திம்பம் ஏத்தத்துல நின்னுபோன வண்டி

முட்டைக்கோஸ் அறுப்பு நடந்ததால இருபது நாளா இந்தப் பக்கம் வர முடியல. இன்னைக்கு வெள்ளாமை பத்தி இல்ல, வண்டி கதை.

நம்மகிட்ட ஒரு பழைய பெட்ரோல் கார் இருக்குது. 2006 மாடல், நான் மூணாவது ஓனர். ஏசி செத்து அஞ்சாறு வருசம் ஆச்சு. தாளவாடி மேட்டுல இருக்கிறவனுக்கு ஏசி எதுக்குன்னு விட்டுட்டேன். ஆனா ஹீட்டர் இல்லாம முடியாது. மார்கழி, தை மாசத்துல திம்பத்துல பனிமூட்டம் எறங்குனா முன்கண்ணாடி உள்பக்கம் பூரா வேர்த்து மறைச்சுக்கும். சூடான காத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டாத்தான் எதிர்ல லாரி வருதான்னே தெரியும்.

போன மாசம் அம்மாவைக் கண்ணுக்குக் காட்ட சத்தியமங்கலம் கூட்டிட்டுப் போனேன். வயசு 78, வலது கண்ணுல புரை. ஆபரேசனுக்குத் தேதி குறிச்சுக் குடுத்தாங்க. திரும்பி வர்றப்ப பண்ணாரி தாண்டவே மணி அஞ்சரை. மலை பாதி ஏறியிருப்போம், சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு. பானட்டு இடுக்குல ஆவி. ஓரங்கட்டி நிறுத்திட்டேன்.

அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 27 கொண்டை ஊசி வளைவு, சுத்தி புலிகள் காப்பகம். பொழுது சாஞ்சா ஆனை, சிறுத்தை எது வேணா ரோட்டுக்கு வரும். அம்மா பின்சீட்டுல இருந்து, "ஏஞ்சாமி, வண்டி நின்னுபோச்சு?"ன்னு கேட்டாங்க. கண்ணு மங்கல், வெளிய இருட்டிட்டு வர்றது அவங்களுக்குத் தெரியல. அது ஒண்ணுதான் அன்னைக்கு நல்லதாப் போச்சு. எனக்கோ கை நடுங்குது.

பின்னால வெறும் லாரி ஒண்ணு வந்துச்சு. டிரைவர் தம்பிக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். இறங்கி வந்து, "அண்ணா, ரேடியேட்டர் மூடியைத் தொட்றாதீங்க, மூஞ்சி வெந்துரும்"னு சொல்லிட்டு, எங்க வண்டிக்குப் பின்னாலயே லைட்டைப் போட்டு நிறுத்திக்கிட்டார். முக்கால் மணி நேரம். சூடு ஆறுனதும் அவர் கேன்ல இருந்தே தண்ணி ஊத்துனோம். திம்பம் வரைக்கும் பின்னாலயே வந்தார். பேரு கூட கேக்காம விட்டுட்டேன், இன்னைக்கும் அது உறுத்துது.

இதுல மறைக்க ஒண்ணுமில்ல, தப்பு என் மேலதான். ரெண்டு மாசமாத் தெரியும். ஃபேன் போட்டா இனிப்பா ஒரு வாசம் வரும். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகட்டுப் பக்கம், ஹீட்டர் வால்வு மேல வெள்ளையும் பச்சையுமா உப்பு பூத்திருந்துச்சு. தண்ணி குறையுதேன்னு வாரத்துக்கு ஒருக்கா போர் தண்ணியை ஊத்திட்டு ஓட்டிட்டிருந்தேன். அன்னைக்குக் காலையில அவசரத்துல அதையும் பாக்கல.

ஒர்க்ஷாப்புல, "ஹீட்டரையே கட் பண்ணி ஓஸை பைபாஸ் பண்ணிரலாம்ணா, யாரு ஹீட்டர் போடுறாங்க"ன்னாங்க. கீழ இருக்கிறவங்களுக்குச் சரி, திம்பம் ஏறி இறங்குறவனுக்கு ஆகாது. திருப்பூர்ல இருக்கிற பையன், "வித்துருங்கப்பா"ன்னான். வித்துட்டு ஆபரேசனுக்கு எதுல போறது? கடைசியில அவனே கோயமுத்தூர்ல வால்வு வாங்கி பஸ்ஸுல போட்டு அனுப்பிச்சான். 480 ரூபா.

ஞாயித்துக்கிழமை காலையில எஞ்சின் பச்சைத் தண்ணியா இருக்கிறப்ப ஆரம்பிச்சேன். வேலை என்னன்னா, எஞ்சின்ல கொதிக்கிற தண்ணி ஒரு ஓஸ் வழியா உள்ள இருக்கிற குட்டி ரேடியேட்டருக்குப் போயி திரும்பி வரும். அதுக்கு நடுவுல நிக்கிற கேட் வால்வு மாதிரிதான் இது. உள்ள இருக்கிற லீவரை நகத்துனா ஒரு கேபிள் இதைத் திறந்து மூடும். நம்ம தோட்டத்துல பாத்தி மாத்தி விடுற வேலைதான், சின்ன அளவுல.

கீழ் மூடியைத் திறந்து பழைய கூலன்ட்டைப் பேசின்ல புடிச்சேன். அதை ஓரமா வெச்சுட்டு ஸ்பேனர் எடுக்கப் போனா, சம்சாரம் கத்துது. கன்னுக்குட்டி கயித்தை இழுத்துட்டு வந்து பேசின்கிட்ட மூக்கை நீட்டியிருக்குது! கூலன்ட் இனிப்பா இருக்கும், ஆடு மாடு நாய் எதுனாலும் நக்கும். கொஞ்சம் உள்ள போனாலும் கிட்னியைக் காலி பண்ணிரும். நல்லவேளை, வாய் வைக்கல. கேன்ல ஊத்தி மூடி மச்சு மேல வெச்சுட்டுத்தான் மறுவேலை. வீட்டுல செய்யறவங்க முதல்ல இதைப் பாத்துக்குங்க.

ஓஸ் பைப்போட ஒட்டிப் புடிச்சுக்கிட்டு வர மாட்டேங்குது. முறுக்கி இழுக்கப் போனேன், உள்ள போற பைப்பு லேசா அசைஞ்சுது. அது ஒடைஞ்சா டேஷ்போர்டையே கழட்டணும். விட்டுட்டு, பிளேடால ஓஸோட நுனியை நீளவாக்குல கீறி உரிச்சு எடுத்தேன். பழைய வால்வு கையில வந்ததும் உள்ள பாத்தா, உப்பு. சொட்டுநீர் டியூப் அடைச்சா எப்படி இருக்கும், அப்படியே. எல்லாம் நான் ஊத்துன போர் தண்ணி. டியூபுக்கு ஆசிட் விடத் தெரிஞ்சவனுக்கு இது தோணல பாருங்க.

ஓஸ் நுனியை அரை இஞ்சு வெட்டிட்டு, வால்வு மேல இருக்கிற அம்புக்குறி தண்ணி போற பக்கம் பாத்து மாட்டி, புது கிளிப் போட்டு இறுக்குனேன். கேபிளை மாட்டுறப்ப ஒரு தப்பு. லீவர் பாதியில நிக்கிறதைப் பாக்காம மாட்டிட்டேன், அதனால வால்வு முழுசா மூடல. மறுபடி கழட்டி, லீவரை குளிர்ச்சிப் பக்கம் கடைசி வரைக்கும் தள்ளி, வால்வையும் மூடி வெச்சுட்டு மாட்டுன பின்னாலதான் சரியாச்சு.

ரெண்டு தடவை நல்ல தண்ணி விட்டு அலசிட்டு, கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்து ஊத்துனேன். கடைசியா ஏர் எடுக்கணும். கிணத்து மோட்டார்ல ஏர் புடிச்சா தண்ணி ஏறாது இல்லீங்களா, அதே கதைதான். வண்டி மூக்கை மேட்டுப் பக்கம் ஏத்தி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, ரேடியேட்டர் மூடி போடாம ஸ்டார்ட் பண்ணி விட்டேன். குமிழி குமிழியா வந்துச்சு. வர வர ஊத்திட்டே இருந்து, குமிழி நின்ன பின்னால மூடுனேன். கால் மணி நேரத்துல ஃபேன் தானா சுத்துச்சு, உள்ள சூடான காத்து வந்துச்சு. சம்சாரம் கையை நீட்டிப் பாத்துட்டு, "இதை ரெண்டு மாசம் முந்தியே பண்ணிருந்தா என்னங்க?"ன்னுச்சு. பதில் சொல்லல.

போன வியாழக்கிழமை ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. மறுநாள் கட்டுப் பிரிச்சு, கறுப்புக் கண்ணாடியோட அம்மாவைக் கூட்டிட்டு மதியமே மலை ஏறிட்டேன். முள்ளு பாதியைத் தாண்டல. அன்னைக்கு நின்ன வளைவு வந்தப்ப அம்மா வெளிய எட்டிப் பாத்து, "இவ்வளவு பள்ளமாடா இருக்குது இங்க?"ன்னு கேட்டாங்க.