வழித்துணையான நீர்

நாம் முன்னர்ப் பணியாற்றிய பங்கில், ஒரு கோடையில் வயிற்றுப்போக்கு நோய் பரவிற்று. ஒருநாள் நள்ளிரவில் இளந்தாய் ஒருத்தி, துவண்ட குழந்தையைத் தோளிற் சாய்த்தவாறு அறைவீட்டுக் கதவைத் தட்டினாள். வண்டி கொணர ஆளனுப்பினோம். அதுவரை குழந்தைக்கு எதுவும் கொடுக்கலாகாது, கொடுத்தால் போக்கு மிகும் என்றும் எச்சரித்தோம்.

கோயிற்பிள்ளை நம் சொல்லைக் கேளாதவர் போல் சமையற்கட்டிற்குச் சென்று, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரோடு வந்தார். "சாமி கோவிச்சுக்கக்கூடாது. வழியெல்லாம் கரண்டியால கொடுத்துக்கிட்டே போம்மா" என்றார்.

குழந்தை பிழைத்தது. வழியிற் கொடுத்த நீரே உயிரைக் காத்தது என்று மருத்துவர் சொன்னாராம். அம்முறையைக் கிராமச் செவிலி தெருக்கூட்டத்தில் கற்பித்திருந்தார். அக்கூட்டத்திற்கு நம்மையும் அழைத்திருந்தனர். வேலை மிகுதியென்று நாம் போகவில்லை.

வெட்கமே நம்மைப் படிக்கத் தூண்டிற்று. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து தப்பிவந்த அகதிகள் மேற்கு வங்காளத்தை நிறைத்தனர். எல்லையோரப் பங்காவ் நகரில் காலரா மூண்டது. நரம்பில் ஏற்றும் மருந்துநீரோ தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோசும் உப்பும் சோடா உப்பும் கலந்த பொட்டலங்களைக் கல்கத்தாவில் கட்டச் செய்து, நீரிற் கரைத்து, நோயாளரின் உற்றார் கையிலேயே குவளையைக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை மாண்ட நிலை மாறி, அவர் பொறுப்பிலிருந்தோரிடையே சாவு நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. நோயுற்ற குடலும் சர்க்கரையை ஏற்கும். அச்சர்க்கரையோடு உப்பும், உப்போடு நீரும் உடலுட் சேரும். இதுவே அதன் நுட்பம்.

பின்னர், 1980 முதல் 1990 வரை, வங்கதேசத்தில் பிராக் நிறுவனத்துப் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். மூவிரற் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச்சேர் நீர் என ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களில் கற்பித்தனர். தாய்மார் எவ்வளவு நன்கு கற்றிருந்தனரோ, அதற்கேற்பவே ஊழியருக்கு ஊதியம்! கற்பித்தவர் பேச்சை அளவாமல், கேட்டவர் அறிவை அளந்தார்கள். மறையுரை ஆற்றும் நமக்கும் இவ்வளவுகோல் பொருந்துமென அஞ்சுகிறோம்.

அன்புக் குடும்பத்தாரே, கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறுகச் சிறுகப் புகட்டுங்கள். உப்பு அளவு மீறலாகாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். வழியிலும் நீரை நிறுத்தவேண்டாம்.

செவிலியார் உங்கள் தெருவிற்கு வரும்போது சென்று அமருங்கள். இப்போதெல்லாம் நாமும் முன்வரிசையில் அமர்கிறோம்.