டெட்ராய்ட்டில் 126ஆவது பெயர்

வானொலியில் என் வேலையில் பாதி, பெயர் வாசிப்பது. பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம், போட்டி முடிவு என்று ஒரு நாளைக்கு ஐம்பது பெயராவது வாசிப்பேன். ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டால் உடனே தொலைபேசி அலறும். "தம்பி, என் பேத்தி பேரு தர்ஷிகா இல்ல, தக்‌ஷிகா!" பாட்டியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

அப்படிப்பட்ட எனக்கே, ஒரு பெயர்ப் பட்டியலை வாசிப்பதைக் கேட்க ஓர் ஊரே திரளும் என்று அண்ணன் சொன்னபோது நம்ப முடியவில்லை.

அண்ணன் என்றால் பெரியம்மா மகன். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 20 ஆண்டுகளாகக் கார் உதிரிபாகத் துறையில் பொறியாளர். 2024 ஏப்ரலில் விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அதே வாரம் பக்கத்திலுள்ள டெட்ராய்ட் நகரில் அமெரிக்கக் காற்பந்தின் 'டிராஃப்ட்'.

நாம் மாமாக் கடையில் விடிய விடியப் பார்க்கும் காற்பந்து வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் இந்த ஆட்டம் வேறு. பல்கலைக்கழகங்களில் ஆடிவிட்டு வரும் இளைஞர்களை 32 அணிகளும் வரிசைப்படி, முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. மொத்தம் ஏழு சுற்று, மூன்று நாள். 2024இல் முதல் சுற்றில் ஓர் அணிக்கு யோசிக்க 10 நிமிடம் தந்தார்கள். கடைசிச் சுற்றில் 4 நிமிடம்தான். அந்த ஆண்டு மொத்தம் 257 பெயர்கள்.

முதல் நாள் வியாழக்கிழமை, நட்சத்திரங்களின் நாள். கூட்டம் தாங்காமல் நுழைவாயிலையே மூடிவிட்டார்கள். நாங்கள் போனது சனிக்கிழமை. நான்காவது சுற்றிலிருந்து ஏழாவது சுற்று வரை அன்றுதான்.

"சனிக்கிழமை எதுக்குடா? யாருக்கும் தெரியாத பசங்க பேரா வாசிப்பாங்க," என்றார் அண்ணன். போயே ஆகவேண்டும் என்று நின்றது அவர் மகன்.

அவனுக்கு வயது 17. பள்ளி முடியும் நேரம். அவன் விரும்பிய பல்கலைக்கழகம் அவனைக் காத்திருப்புப் பட்டியலில் போட்டுவிட்டது. இன்னொரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருந்தது. மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அண்ணன் ஏற்கெனவே கிள்ளானில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் முதல் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிவிட்டிருந்தார். இரண்டாவதை வீட்டில் "அந்த இன்னொன்னு" என்றுதான் சொல்வார். "ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி மூணு வாரம் ஆச்சு தம்பி," என்று அண்ணி சமையலறையில் மெதுவாகச் சொன்னார்.

ஆக, காரில் முன்னால் அண்ணன், பின்னால் அவன். நடுவில் பேசிக்கொண்டே இருக்க வேண்டிய அறிவிப்பாளர் நான்.

1950இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18 லட்சத்துக்கு மேல். இப்போது ஆறு லட்சத்துச் சொச்சம். கார்த் தொழிற்சாலைகள் குறைந்தன, மக்கள் புறநகருக்குப் போனார்கள், 2013இல் நகராட்சியே திவாலானது. அந்த ஊரின் நடுத்தெருவான வுட்வர்ட் அவென்யூவில் அன்று நடக்க இடமில்லை. மூன்று நாளில் 7 லட்சத்து 75 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள் என்று பிறகு அறிவித்தார்கள். டிராஃப்ட் வரலாற்றில் அதுவரை அதுதான் சாதனை. நுழைவு இலவசம். கைப்பேசிச் செயலியில் பதிந்துகொண்டால் போதும்.

முதலில் ஆற்றங்கரைக்குப் போனோம். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் நினைவாக 24 அடி நீள வெண்கலக் கை ஒன்று அங்கே முட்டியை மடக்கிக்கொண்டு தொங்குகிறது. ஹார்ட் பிளாசாவில் நின்று தெற்கே பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா. அமெரிக்காவுக்குத் தெற்கே கனடாவா என்று நான் திசையை இருமுறை சரிபார்த்தேன். இந்த ஊரில் அப்படித்தான். பசி எடுத்தது. ஊருக்குப் பேர்போன 'கோனி' சாசேஜில் மாட்டிறைச்சி இருந்ததால், உருளைக்கிழங்கு வறுவலோடு நிறுத்திக்கொண்டோம்.

மேடை கேம்பஸ் மார்ஷியஸ் பூங்காவில். எங்கு பார்த்தாலும் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் நீல ஜெர்சி. இந்த ரசிகர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லயன்ஸ் இன்றுவரை சூப்பர் பௌல் இறுதியாட்டத்தை எட்டியதில்லை. 2008இல் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றார்கள். 2024 ஜனவரியில்தான் 32 ஆண்டுகளுக்குப் பிறகு வெளியேற்றுச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்றார்கள். அந்த மாதக் கடைசியில் அரையிறுதி போன்ற ஆட்டத்தில் இடைவேளையின்போது 24-7 என்று முன்னணி. கடைசியில் 34-31 என்று சான் பிரான்சிஸ்கோவிடம் தோல்வி. அன்று எதிரணியை வழிநடத்திய பிராக் பர்டி, 2022 டிராஃப்டில் 262ஆவது ஆள். பட்டியலிலேயே கடைசிப் பெயர்! கடைசி ஆளுக்கு அங்கே 'மிஸ்டர் இர்ரெலவன்ட்', அதாவது 'திரு. தேவையில்லாதவர்' என்று கேலிப் பட்டம் வேறு உண்டு. அந்தத் தேவையில்லாதவர்தான் இவர்கள் கனவைக் கலைத்தார். அதனால் கடைசிச் சுற்றுகளை இந்த ஊர் அலட்சியமாகப் பார்ப்பதில்லை.

நான்காவது சுற்று நடந்துகொண்டிருந்தது. திடீரென்று கூட்டத்தில் சலசலப்பு. அடுத்த ஆண்டின் மூன்றாவது சுற்று வாய்ப்பைக் கொடுத்து லயன்ஸ் இந்த இடத்தை வாங்கிவிட்டதாம். 126ஆவது பெயர் வாசிக்கப்பட்டது.

ஜியோவானி மானு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம்.

ஒரு கணம் அமைதி. பிறகு ஆயிரம் வாயிலிருந்து ஒரே கேள்வி: "யாரு?"

எல்லார் கையிலும் கைப்பேசி. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் தலையில் கைவைத்தார். "கனடாவிலிருந்தா? மூணாவது சுற்றைக் கொடுத்தா?" பக்கத்தில் ஒருவர் படித்துச் சொன்னார்: டோங்காவில் பிறந்தவர், 6 அடி 7 அங்குலம், 150 கிலோவுக்கு மேல். "அப்பாடி!" என்றது கூட்டம். அணியின் பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ் தெரியாமல் செய்யமாட்டார் என்றார் இன்னொருவர். தலையில் கைவைத்த பெரியவர், "மா... மானு. மானு," என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் எங்கள் பக்கம் முழுக்க அந்தப் பெயர் சரியாகவே ஒலித்தது.

ஆறு பெயர் தள்ளி, 132ஆவதாக யூட்டாவின் சியோனி வாக்கி. இந்த முறை "யாரு?" என்ற சத்தம் குறைந்து கைதட்டல் கூடியிருந்தது.

அதன்பிறகு லயன்ஸின் அடுத்த முறை 189இல். நீண்ட காத்திருப்பு. அப்போதுதான் அவன் பேசத் தொடங்கினான்.

"சித்தப்பா, அமோன்-ரா செயின்ட் பிரவுன் தெரியுமா? 2021ல 112ஆவது. அவருக்கு முன்னாடி அதே இடத்துல ஆடுற 16 பேரை எடுத்தாங்க. அந்த 16 பேர் பேரையும், காலேஜையும் இன்னைக்கும் வரிசையா சொல்வார். டிராஃப்டுக்கு முதல் நாள்தான் 120 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டாங்க."

முன்னால் நின்ற அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "ஜெயிச்ச ஒருத்தனைத்தான் எல்லாரும் சொல்வாங்க. நாலாவது சுற்றுல வந்த மத்தவங்க எங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிந்திய சுற்றுகளில் வருகிறவர்களில் பலர் சில ஆண்டுகளில் பேச்சில்லாமல் காணாமல் போகிறார்கள். அதுவும் உண்மை.

அவன் சொன்னான்: "தெரியும்ப்பா. நிறையப் பேர் நிக்க மாட்டாங்க. ஆனா 'நாலாவது சுற்று எனக்கு வேணாம், முதல் சுற்றுக்கே காத்திருக்கேன்'னு யாரும் வீட்ல உட்கார்றதில்ல. கூப்பிட்ட எடத்துக்குப் போறாங்க."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் குனிந்து அவன் கேட்டான்: "ஊர்ல கேட்டா நீங்க என்ன சொல்வீங்க, சித்தப்பா?"

"நீ எங்க படிக்கிறியோ அந்தப் பேரைச் சொல்வேன்," என்றேன்.

189இல் மெக்காய் விங்கோ, 210இல் கிறிஸ்டியன் மஹோகனி. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் குரல் கொடுத்தது, மானுவின் பெயரைச் சொல்லிப் பார்த்த பெரியவர் உட்பட. 257ஆவது பெயர் அலபாமாவின் ஜேலன் கீ, நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு. அவர் எங்கள் அணியில்லை. இருந்தும் கடைசிவரை நின்றவர்கள் அவருக்கும் கைதட்டினார்கள். ஒருவேளை பர்டியை நினைத்திருக்கலாம்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 210ஆவதாக வந்த மஹோகனி 2025 பருவத்தில் தொடக்க வரிசையில் ஆடினார். நாங்கள் பெயர் பழகிய மானுவை முதல் பருவத்தில் களத்தில் பார்ப்பதே அரிதாக இருந்தது. 126, 210 என்ற எண்களை மட்டும் பார்த்து இதை அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

அன்று இரவு திரும்பும்போது மூவருமே களைத்திருந்தோம். நெடுஞ்சாலையில் ஏறியதும் அண்ணன் கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தார்.

"ஏய், அந்த இன்னொன்னு... அந்தக் காலேஜ் பேரை எப்படிடா சொல்றது? நான் சொன்னா அம்மா சிரிக்கிறா."

அவன் சொன்னான். அண்ணன் ஒருமுறை திருப்பிச் சொன்னார். தப்பு. அவன் திருத்தினான். மறுபடி சொன்னார்.

இந்த முறை சரியாகவே வந்தது.