விளக்கும் விண்மீனும்

நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே அமைந்தது அரவேணு. அவ்வூரில் நான் தமிழாசிரியனாக இருந்தபோது, பெரும்பாணாற்றுப்படை கூறும் கலங்கரை விளக்கத்தை ஒரு நாள் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, விளக்கின் ஒளி எட்டாத நடுக்கடலில் மீகாமன் தன் இடத்தை எவ்வாறு அறிவான்?" என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. அதனை ஒப்புக்கொள்ள நாணி, "பாடத்தை மட்டும் கேள்" என்று கடிந்து அமர்த்தினேன். அவ்வினா முள்ளாய் என் நெஞ்சில் தைத்திருந்தது.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள், மேட்டுப்பாளையத்தில் இரவு இரயிலேறிக் காலையில் சென்னை சேர்ந்தேன். அங்கே 1796-இல் கோட்டைக் கட்டடம் ஒன்றின்மேல் தேங்காயெண்ணெய் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டினர். 1844-இல் எழுந்த கலங்கரைத் தூண் உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. 1894-இல் நீதிமன்றக் கோபுரத்திற்கு மாறிய விளக்கு, 1977-இல் மெரினாக் கடற்கரையை அடைந்தது.

நண்பகலில், இசைவு பெற்று, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துள் சென்றேன். வானநூலும் நிலநூலும் கப்பற்கலையும் வளரக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் கட்டிய வானாய்வகம் அங்கே இருந்தது. அதன் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறிற்று. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் எஞ்சியுள்ளது. அதில் தமிழெழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. மாறொளி விண்மீன் ஒன்றை 1867-இல் கண்டறிந்த இரகுநாதாச்சாரியார் பணிபுரிந்த இடமும் அதுவே.

அத்தூணருகே அம்மாணவனின் வினாவுக்குரிய விடையை எண்ணிப் பார்த்தேன். வடமீனின் உயரம் வடக்கு தெற்கை உணர்த்தும். புவி ஒரு மணிக்குப் பதினைந்து பாகை சுழல்வதால், கிரீனிச்சு நேரத்திற்கும் தான் இருக்குமிடத்து நேரத்திற்கும் உள்ள வேறுபாடு கிழக்கு மேற்கை உணர்த்தும். முன்னையது கடிகாரத்தால் தெரியும். பின்னையது கதிரவனை அளந்து பெறப்படும். பழைய சென்னை நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. எனவே சென்னை 80 பாகை 15 கலை கிழக்கே உள்ளது. வானை அளந்தே கடலில் வழி கண்டனர்!

இவ்வாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825-இல் 'காலசங்கலித' என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரித் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனனம் செய்த வாய்பாடுகளைக்கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்த திறத்தை அதில் வியந்துள்ளார். தொடக்க நேரத்தில் நேர்ந்த பிழை நான்கு நிமிடமே! ஆயினும், அக்கணக்கின் காரணம் அவர்க்குத் தெரியாது என்றும் வாரன் குறித்துள்ளார். அதனை நினைந்து தலைகுனிந்தேன். நிகண்டும் இலக்கணமும் மனனம் செய்த நானும், காரணம் வினவிய சிறுவனை அடக்கியவன் அல்லனோ?

மாலையில் மெரினா விளக்கு சுழன்று ஒளி வீசியது. இரவு இரயிலில் மலைக்குத் திரும்பினேன். அம்மாணவன் இன்று எங்குள்ளானோ அறியேன். அவனுக்குரிய விடையை உங்களிடம் ஒப்படைத்தேன்.

மாணவர்களே, மனனம் நன்று. 'ஏன்' என்று வினவுதல் அதனினும் நன்று. ஆசிரியர் விடை அறியாராயினும் வினவுங்கள். உங்கள் வினா அவரையும் ஒருநாள் பயணம் போகச் செய்யும்.