படம் முடிந்த பிறகுதான் ஆரம்பம்! ஜெனீவாவில் ஒரு சினிமா உலா

ஜெனீவா என்றதும் நினைவுக்கு வருபவை கைக்கடிகாரம், சாக்லேட், ஏரியில் 140 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியடிக்கும் நீரூற்று. சுற்றுலா பஸ்ஸில் வருபவர்கள் நீரூற்றின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, மறுநாளே ஆல்ப்ஸ் மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

சுமார் 2 லட்சம் பேர் வசிக்கும் இந்தச் சின்ன ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. உலகத்தின் நோய்நொடிகளைப் பற்றி முடிவெடுக்கும் அலுவலகங்கள் பல இங்கேதான் இருக்கின்றன. அந்த நோய்களைப் பற்றிய ஆவணப்படங்களைத் திரையிட்டு, விளக்கு எரிந்ததும் எழுந்து போகாமல் உட்கார்ந்து விவாதிக்கும் வழக்கமும் இந்த ஊரில் உண்டு. அதைப் பார்க்க ஏற்ற மாதம் மார்ச். ஏரிப் பக்கமிருந்து 'பீஸ்' என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் குளிர்காற்று வீசும். ஸ்வெட்டர் கட்டாயம்!

15-ம் நம்பர் டிராம்

கார்னவின் ரயில் நிலையத்தில் 15-ம் நம்பர் டிராம் ஏறினால், சுமார் பத்து நிமிடத்தில் 'நாசியோன்' நிறுத்தம். இறங்கியதும் கண்ணில் படுவது பிரமாண்டமான மர நாற்காலி. 12 மீட்டர் உயரம். நான்கு கால்களில் ஒன்று பாதியில் முறிந்து தொங்குகிறது. கண்ணிவெடியில் கால் இழந்தவர்களின் நினைவாக 1997-ல் வைக்கப்பட்டது. எதிரே ஐ.நா. அலுவலகம். அதன் பூங்காவில் மயில்கள் சுதந்திரமாக உலவுகின்றன.

அங்கிருந்து சற்று மேடேறினால் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகம். 1966-ல் திறக்கப்பட்ட கட்டடம். முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. இந்த வளாகத்தில் இரண்டு வெண்கலச் சிலைகள் இருக்கின்றன.

முதல் சிலை, ஒரு சிறுமியின் கையில் அம்மை குத்தப்போகும் காட்சி. பெரியம்மை ஒழிந்ததன் 30-வது ஆண்டையொட்டி 2010-ல் திறக்கப்பட்டது. நம் வீட்டுத் தாத்தா, பாட்டிகளின் மேல்கையில் இருக்கும் வட்டத் தழும்பின் கதைதான் இது. 'வைசூரி' என்ற பெயரைச் சொல்லவே அஞ்சி, வாசலில் வேப்பிலை செருகிய தலைமுறை அது. 1977-ல் சோமாலியாவில் இயற்கையாக வந்த கடைசி நோயாளி பிழைத்துக்கொண்டார். 1980 மே 8 அன்று உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது சிலையில், ஒரு சிறுவன் கோலின் ஒரு முனையைப் பிடித்து முன்னால் நடக்கிறான். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பார்வையிழந்த பெரியவர் பின்னால் வருகிறார். ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளில் ஒரு வகைக் கருப்பு ஈயால் பரவும் நோய் இப்படித்தான் ஊர் ஊராகக் கண்களைப் பறித்தது. ஈக்குப் பயந்து செழிப்பான ஆற்றங்கரை நிலங்களையே மக்கள் கைவிட்டுப் போனார்கள். இதற்கான ஐவர்மெக்டின் மருந்தை இலவசமாகவே தருவதாக 1987-ல் மெர்க் நிறுவனம் அறிவித்தது. 2025 ஜனவரியில், இந்த நோயை ஒழித்த முதல் ஆப்பிரிக்க நாடு என்ற பெயரை நைஜர் பெற்றது. பெரியவருக்குக் கோல் பிடித்த சிறுவர்கள் இனி பள்ளிக்கூடம் போகலாம்.

சில நிமிடப் படங்கள்

இந்தத் தலைமையகம் 2020 முதல் ஒரு திரைப்பட விழாவும் நடத்துகிறது. பெயர், 'அனைவருக்கும் ஆரோக்கியம்' திரைப்பட விழா. பெரிய நடிகர்களோ, பெரிய பட்ஜெட்டோ தேவையில்லை. செவிலியரின் ஒருநாள் வேலை, மனநலப் பிரச்னையோடு வாழும் ஓர் இளைஞர், வெள்ளத்தில் தவித்த ஒரு கிராமம் என்று சில நிமிடங்களே ஓடும் குறும்படங்கள் உலகம் முழுவதிலிருந்தும் வருகின்றன. எல்லோருக்கும் மருத்துவ வசதி, அவசரகாலச் சுகாதாரம், நல்வாழ்வு என்று மூன்று முக்கியப் பிரிவுகளில் பரிசு. தேர்வான படங்களை யூடியூபில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

படம், பிறகு விவாதம்

மீண்டும் அதே 15-ம் நம்பர் டிராம். இந்த முறை ரயில் நிலையத்தைத் தாண்டி, ரோன் நதியைக் கடந்து பிளேன்பாலே பகுதிக்குப் போக வேண்டும். புதன், சனிக்கிழமைகளில் பழைய பொருள் சந்தை கூடும் பெரிய திடல் இங்கே இருக்கிறது. நாவலில் ஃபிராங்கன்ஸ்டைன் ஜெனீவாக்காரர் என்பதால், அவர் உருவாக்கிய மனித உருவத்துக்கும் இங்கே ஒரு சிலை உண்டு.

திடலுக்குப் பக்கத்தில் இருக்கும் குரூட்லி கலை மையம்தான், ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கும் சர்வதேச மனித உரிமைத் திரைப்பட விழாவின் முக்கியமான இடம். 2003-ல் தொடங்கிய விழா இது. ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் கூட்டம் நடக்கும் அதே நாட்களில் இதுவும் நடக்கும். போர், அகதிகள், பெண்கள் என்று பேசும் படங்களுக்கு நடுவே மருந்து, நோய், மருத்துவ உரிமை பற்றிய படங்களும் வருகின்றன.

இதன் நடைமுறை எளிமையானது. ஒரு படம், அது பேசும் விஷயம், அதைப் பற்றி ஒரு விவாதம். படம் முடிந்து விளக்கு எரியும்போது மேடையில் நாற்காலிகள் போடப்படும். இயக்குநர், மருத்துவர், களப்பணியாளர், சில சமயம் ஓர் அதிகாரி என்று உட்காருவார்கள். விவாதம் பெரும்பாலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நடக்கும்.

மருத்துவப் படம் என்றால் பேசுவதற்குப் பஞ்சமே இல்லை. இந்த மருந்தின் விலையை நிர்ணயித்தது யார்? கட்டுப்படியாகும் விலைக்கு வேறு யாராவது தயாரிக்க முடியாதா? படுக்கையில் கிடக்கும் குழந்தையின் முகத்தைக் காட்ட அந்தத் தாயிடம் அனுமதி வாங்கினார்களா? படம் எடுத்துவிட்டுப் போன பிறகு அந்தக் குடும்பம் என்ன ஆனது? கடைசி இரண்டு கேள்விகளும் இயக்குநரை நெளியவைப்பவை. ஆனாலும் கேட்டே ஆக வேண்டியவை. ஒருவருடைய வலி, டிக்கெட் வாங்கியவர்களின் வேடிக்கையாக முடிந்துவிடக் கூடாது அல்லவா?

அரங்குக்கு வர முடியாதவர்களைத் தேடியும் விழாக் குழு போகிறது. மருத்துவமனை, சிறைச்சாலை, அகதிகள் தங்குமிடம் ஆகிய இடங்களிலும் படங்கள் காட்டப்படுகின்றன.

ஒரு நாளைக்கு ஒரு டாலர்

ஒரு படமும் ஓர் ஊரும் எப்படிப் பின்னிப் பிணைகின்றன என்பதற்கு நல்ல உதாரணம், 2013-ல் வெளியான 'ஃபயர் இன் தி பிளட்'. இயக்கியவர் டிலன் மோகன் கிரே. எய்ட்ஸுக்கு மருந்து கண்டுபிடித்த பிறகும், விலை எட்டாததால் ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் இறந்த கதை அது.

அப்போது கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவானது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனத்தைச் சேர்ந்த யூசுஃப் ஹமீது, அதே மருந்தை 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை! அன்றைய இந்தியச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் உண்டு. அதனால்தான் இது சாத்தியமானது. தென்னாப்பிரிக்காவில் ஜாக்கி அக்மத் என்ற போராளி, மருந்து எல்லோருக்கும் கிடைக்கும் வரை தானும் சாப்பிடமாட்டேன் என்று மறுத்தார். அந்த நாட்டு அரசுமீது மருந்து நிறுவனங்கள் போட்ட வழக்கும் 2001 ஏப்ரலில் வாபஸ் ஆனது.

காப்புரிமை விதிகளைக் கையில் வைத்திருக்கும் உலக வர்த்தக அமைப்பு இருப்பதும் ஜெனீவாவில்தான். ஏரிக்கரையில், மரங்கள் சூழ்ந்த அமைதியான கட்டடம். எல்லைகளற்ற மருத்துவர்களின் சர்வதேச அலுவலகமும் இதே ஊரில்தான். விதி எழுதுபவரும் அதை எதிர்த்துக் குரல் கொடுப்பவரும் ஒரே டிராமில் வேலைக்குப் போகலாம். இந்த ஊரில் ஒரு படத்துக்குப் பிறகு எழும் கேள்விக்கு எடை கூடுவது அதனால்தான். பதில் சொல்ல வேண்டியவர் தொலைவில் இல்லை.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. பின்னாளில், தொற்றுள்ள இளைஞர்களுக்குத் தொற்றுள்ள வரன் தேடித் திருமணம் செய்துவைத்தார் சுனிதி. மருந்து ஆயுளைக் கொடுத்த பிறகு, வாழ்க்கைத் துணை வேண்டாமா? அந்தக் கதையைச் சொல்லும் ஆவணப்படம் 2017-ல் வந்த 'லவ்சிக்'. படம் வெளிவரும் முன்பே, 2015-ல் அவர் மறைந்துவிட்டார்.

போகிறவர்களுக்கு

ஜெனீவா செலவு பிடிக்கும் ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்ஸின் அன்மாஸ் நகரில் தங்கி, லேமன் எக்ஸ்பிரஸ் ரயிலில் வந்துபோவது சிக்கனம். ஊருக்குள் ஹோட்டலில் தங்கினால், டிராமிலும் பஸ்ஸிலும் இலவசமாகப் போய்வர அட்டை தருவார்கள். மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும். ஐ.நா. அலுவலகத்துக்கு அருகிலுள்ள செஞ்சிலுவை அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கலாம்.

போக முடியாதவர்களுக்கு

விமானம் ஏற முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 'அனைவருக்கும் ஆரோக்கியம்' விழாவின் படங்கள் கையிலிருக்கும் போனிலேயே ஓடும். பள்ளி ஆண்டு விழாவோ, அப்பார்ட்மென்ட் சங்கக் கூட்டமோ, மகளிர் சுய உதவிக் குழுவோ, சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி ஒரு படம் காட்ட எத்தனை நேரம் ஆகிவிடப்போகிறது?

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. படம் பார்க்க வருபவர்களோடு, உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டரையோ செவிலியரையோ, முடிந்தால் வார்டு கவுன்சிலரையோ அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும். நம் தெருவில் டெங்கு ஏன் ஒவ்வொரு மழைக்கும் வருகிறது, சர்க்கரை மாத்திரை ஏன் இந்த மாதம் தீர்ந்துபோனது என்று ஒரு பாட்டி எழுந்து கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அங்கேயே இருப்பார்.