கையெழுத்துப் போடுவதற்கு முன்



பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம். மாணவர்கள் எல்லாரும் பேருந்தேறிப் போன பிறகு, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். தேர்வு மதிப்பெண் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணினேன். அவரோ கைப்பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்து நீட்டினார். "டீச்சர், எங்கப்பாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில கொடுத்தாங்க. புது மருந்து ஒன்னு இருக்காம். கையெழுத்துப் போடலாமா வேணாமான்னு நீங்கதான் படிச்சுப் பார்த்துச் சொல்லணும். அவரை எலி மாதிரி வச்சுச் சோதிப்பாங்களோன்னு பயமா இருக்கு" என்றார்.

பதினெட்டுப் பக்கங்கள், மலாய் மொழியில். இனிப்பு நீரால் சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியவர்களுக்கான ஒரு மாத்திரையைப் பற்றிய ஆய்வு அது. 'கிளினிக்கல் டிரையல்' என்று மருத்துவர்கள் சொல்லும் மருந்தாய்வு.

"வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்னும் சொல் என் நாவின் நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். காரணம், அதே சொல்லை நான் ஏற்கெனவே ஒரு முறை சொல்லியிருக்கிறேன்.

2014ஆம் ஆண்டு. என் தாயாருக்கும் இதே நோய். மாதாந்தரப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றபோது, அங்கிருந்த இளம் மருத்துவர் இப்படியோர் ஆய்வைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் இரண்டு வாக்கியம் முடிக்கவில்லை. "வேண்டாம் டாக்டர், அம்மாவுக்கு வயதாகிவிட்டது" என்று ஆங்கிலத்தில் சொல்லி எழுந்துவிட்டேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. காரில் வரும்போது, "டாக்டர் என்னவோ சொல்ல வந்தாரே?" என்று கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பினேன். பல மாதம் கழித்து, பேச்சோடு பேச்சாக உண்மையைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, உடம்பு என்னோடதுதானே" என்றார். அவ்வளவுதான். அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆய்வில் சேர்ந்திருந்தால் இன்னும் சில காலம் இருந்திருப்பார் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. கேட்காமல் விட்டேன் என்பது மட்டும் தெரியும்.

ஆகவே அந்தத் தாயாரிடம், "தாளை வைத்துவிட்டுப் போங்கள், விடுமுறையில் படித்துவிட்டு உங்கள் அப்பாவையே நேரில் பார்க்கிறேன்" என்றேன்.

எலி என்னும் அச்சத்தை நம் மக்களின் அறியாமை என்று தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த அச்சத்திற்கு நம் நாட்டிலேயே வரலாறு இருக்கிறது. 1905, 1906ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் ஆங்கிலேய மருத்துவர் ஓர் ஆய்வு நடத்தினார். அக்காலத்தில் கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் செயலிழந்து மடியச் செய்த 'பெரிபெரி' நோய் மலாயாவை ஆட்டிப்படைத்தது. தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அந்நோய் பெரும்பாலும் அண்டவில்லை. இந்த வேறுபாடு மருத்துவர்களின் கண்ணில் பட்டது. ஃபிளெட்சர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கூடத்திற்கு, இரட்டைப்படை எண்ணினர் இன்னொரு கூடத்திற்கு. ஒரு பக்கம் தீட்டிய அரிசி, மறுபக்கம் புழுங்கல் அரிசி. தீட்டிய அரிசி உண்டவர்களில் பதினெட்டுப் பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை.

நம் பாட்டிமார் ஆக்கிய புழுங்கல் சோற்றின் பெருமையைப் பேச இது நல்ல செய்திதான். வகுப்பில் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால், அந்தப் பதினெண்மரிடம் யாரும் கேட்கவில்லை. ஒற்றைப்படை எண்ணில் நின்றதே அவர்கள் செய்த பிழை. அம்மாவின் சொல்லுக்குப் பிறகு இந்தச் செய்தியை முன்போல் என்னால் சொல்ல முடிவதில்லை.

அந்தப் பதினெட்டுப் பக்கமும், அன்று கேட்காமல் விட்டதற்காகப் பின்னாளில் உலகம் எழுதி வைத்துக்கொண்ட பதில் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1947இல் நியூரம்பெர்க் நெறிமுறை, 1964இல் ஹெல்சின்கி பிரகடனம் என்று படிப்படியாக வந்த விதிகள் அவை. விடுமுறையின் முதல் மூன்று நாள்களை அதற்கே செலவிட்டேன். சேர்வது முழுக்க முழுக்க அவரவர் விருப்பம். சேர்ந்த பிறகும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆய்வு மருந்துக்கும் அதற்கான பரிசோதனைகளுக்கும் கட்டணமில்லை. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சை யார் பொறுப்பு என்று எழுதியிருந்தது. நெறிக் குழுவின் ஒப்புதல் எண்ணும், ஐயம் கேட்கத் தொலைபேசி எண்ணும் இருந்தன. இவை இல்லாத தாளில் யாரும் கையெழுத்திட வேண்டாம். 'ஆய்வு' என்று சொல்லிக்கொண்டு மருந்துக்குப் பணம் கேட்பவரிடம் இருமடங்கு எச்சரிக்கை தேவை.

எளிதில் புரியாதது ஒன்றே. சேர்பவர் எல்லாருக்கும் புதிய மருந்து கிடைக்காது. குலுக்கல் முறையில் சிலருக்குப் புதிய மாத்திரை, சிலருக்கு அதைப் போலவே தோன்றும் மருந்தில்லா மாத்திரை. இரு சாராரும் வழக்கமான மருந்துகளைத் தொடர்ந்து உண்பர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முன்முடிவு கண்ணை மறைக்காமலிருக்க இந்த ஏற்பாடு.

கேட்டுப் பெற்றதில் தமிழ்த் தாளும் கிடைத்தது. மகிழ்ச்சியோடு பிரித்தேன். இந்த ஏற்பாட்டை அதில் 'இரட்டைக் குருட்டு ஆய்வு' என்று மொழிபெயர்த்திருந்தார்கள்! இனிப்பு நீரால் கண் போய்விடுமோ என்று ஏற்கெனவே அஞ்சிக் கிடக்கும் முதியவர், இதைப் படித்தால் எந்தத் தைரியத்தில் கையெழுத்திடுவார்? தமிழில் இருப்பது வேறு, தமிழாக இருப்பது வேறு. தமிழாசிரியர்களாகிய நாம் இத்தகைய தாள்களைப் படித்துத் திருத்தித் தர முன்வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும். இன்னொரு பணியும் உண்டு. படிக்க இயலாதவர் ஆய்வில் சேரும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருந்து, விளக்கம் முழுவதும் கேட்டுக் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. அந்த இருக்கைக்கு ஆசிரியரைவிடப் பொருத்தமானவர் யார்?

மருந்தாய்வு என்றால் நன்மையே என்று பரப்புரை செய்ய நான் வரவில்லை. 2011இல் தொடங்கிய டெங்கித் தடுப்பூசி ஆய்வில் மலேசியா உட்பட ஐந்து ஆசிய நாடுகளின் 2 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். முதலில் நல்ல பலன் தெரிந்தது. தொடர்ந்து கண்காணித்தபோதோ, முன்பு டெங்கி கண்டிராத பிள்ளைகளுக்கு அந்த ஊசியே பின்னாளில் நோயைக் கடுமையாக்கக்கூடும் என்பது 2017இல் உறுதியாயிற்று. பிள்ளைகளைச் சேர்க்குமுன் பெற்றோர் நூறு கேள்வி கேட்பதே முறை. பிள்ளைக்குப் புரியும் வயதென்றால் அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. ஹெப்படைட்டிஸ் சி மருந்துகள் எட்டாத விலையில் விற்ற காலத்தில், மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகள் ரவிதாஸ்விர் என்னும் மருந்தின் ஆய்வில் சேர்ந்தனர். 2018இல் வெளியான முடிவில் நூற்றுக்கு 97 பேர் குணமடைந்திருந்தனர். 2021இல் அம்மருந்து நம் நாட்டில் பதிவு பெற்றது. அந்த 301 பேரும் 'எலி' என்று அஞ்சி எழுந்து போயிருந்தால்?

சுகாதார அமைச்சு 2012இல் நிறுவிய 'கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா' அமைப்பு இத்தகைய ஆய்வுகளுக்குத் துணை நிற்கிறது. எனினும், நமக்கேற்ற ஆய்வு உண்டா என்பதை முதலில் நம்மைப் பார்க்கும் சிறப்பு மருத்துவரிடம் கேட்பதே நேர்வழி. அவர்களாகச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விடுமுறையின் இரண்டாம் வாரம் அந்த வீட்டிற்குச் சென்றேன். தாத்தா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழ்த் தாளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். தடுமாறிய இடங்களில் மட்டும் நான் விளக்கினேன். மகள் இரண்டு முறை குறுக்கிட்டார். தாத்தா கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. முடித்த பின் சற்று நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மாத்திர நல்லா வேல செஞ்சா, இவங்க ஆராய்ச்சி முடிஞ்ச பொறவும் எனக்குக் கொடுப்பாங்களா?"

பதினெட்டுப் பக்கத்தையும் புரட்டினேன். அதற்கு அதில் விடையில்லை. மூன்று நாள் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவுமில்லை. தாளின் பின்புறம் அதை எழுதித் தரச் சொன்னார். அவரே ஆஸ்பத்திரியில் கேட்டார். 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்' என்று குறித்துக்கொண்டார்களாம். அடுத்த வாரம் எழுத்துமூலம் விடை வந்தது: ஆய்வு முடிந்து ஓராண்டு வரை கொடுப்பார்கள். அதன் பிறகே கையெழுத்திட்டார்.

ஆனால் சேர முடியவில்லை. சேர்க்குமுன் எடுத்த இரத்தப் பரிசோதனையில், அவருடைய சிறுநீரகம் வடிகட்டும் அளவு ஆய்வுக்குரிய எல்லைக்கும் கீழே போயிருந்தது. பள்ளி திறந்த அன்று பேத்தியை விட வந்தவர், மோட்டார் சைக்கிளில் அமர்ந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"பரீட்சையில பெயில் ஆக்கிட்டாங்க டீச்சர்" என்றார் சிரித்துக்கொண்டே. "ஆனா கீழே போயிருக்குன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுது. வேற டாக்டருகிட்ட எழுதிக் கொடுத்திருக்காங்க. புதன்கிழமை போறேன்."