புளி போட்டுத் தேய்த்த வாள்

பித்தளைப் பாத்திரம் கறுத்துப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? புளி போட்டுத் தேய்ப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் நான் தேய்த்தது குடமும் அல்ல, குத்துவிளக்கும் அல்ல. ஒரு ஜப்பானிய வாள்!

என் மாமனார் ராணுவ டாக்டர். 1945-ல் ஜப்பானியர் சரணடைந்த சமயம் மலேயாவில் இருந்தவர். அங்கே ஒப்படைக்கப்பட்ட வாள்களில் ஒன்று அவருக்குக் கிடைத்தது. "உறையும் பிடியும்தான் பட்டாளத்துடையது. உள்ளே இருப்பது பரம்பரை வாளம்மா" என்பார். யார் நம்பினோம்? ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைப்பதோடு சரி. அவரும் காலமாகிவிட்டார்.

போன வருஷம், ஒஸாகாவில் வேலை பார்க்கும் என் பிள்ளை எழுதினான்: "அம்மா, பிடியில் ஒரு மூங்கில் ஆணி இருக்கும். அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவிடும். உள்ளே இருக்கும் இரும்பில் செய்தவன் பெயர் வெட்டியிருக்கும். படம் எடுத்து அனுப்பு."

கழற்றினேன். ஒரே கறுப்புத் துரு! பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிய வேண்டாமா? ராத்திரி புளிக்கரைசலில் ஊற வைத்து, காலையில் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்தேன். எழுத்துக்கள் பளிச்சென்று சிரித்தன. படம் பறந்தது.

மூன்றாம் நாள் பதில். ஒரு பக்கம், 'பிஜென் நாட்டு ஒஸாஃபுனே சுகெசாதா'. மறு பக்கம், 'எய்ஷோ 10-ம் ஆண்டு, எட்டாம் மாதம், ஒரு நாள்'. அதாவது 1513! விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் ஆண்ட காலம். துள்ளிக் குதித்தேன்.

பதில் அதோடு முடியவில்லை. "சுகெசாதா என்ற பெயரில் அங்கே பல கொல்லர்கள் இருந்தார்களாம். பேர் போன பெயர் என்பதால் போலிக் கையெழுத்தும் ஏராளம். படிப்பது சுலபம், நம்புவதுதான் கஷ்டம். எழுத்தின் பள்ளத்திலும் அதைச் சுற்றியும் ஒரே வயதுத் துரு இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். பிற்பாடு வெட்டிய எழுத்துக்குள் பழைய துரு ஏது? இங்கே வாள் பார்க்கும் பெரியவர் கேட்கிறார்: துருவை எடுத்தது யார்?"

யாரென்று சொல்வேன்! மாமனாரின் பேச்சுக்கு ஐந்நூறு வருஷமாகக் காத்திருந்த சாட்சியை ஒரு புளி உருண்டையால் விரட்டி விட்டேனே!

முழுவதும் பாழாகவில்லையாம். வாளின் வளைவு, இரும்பின் ரேகை, விளிம்பில் ஓடும் வெண்மை, உளி விழுந்த விதம் எல்லாம் இன்னும் பேசுமாம். கோலத்தின் புள்ளிகளை யாரும் காப்பி அடிக்கலாம். இழை இழுத்த கையை மாற்ற முடியுமா? அதுபோலத்தான் உளியும். ஆனால் நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிறார் பெரியவர்.

இந்த ஆயுத பூஜையில் மாமனார் படத்துக்கு முன்னால் நின்று, "மாமா, நீங்கள் சொன்னதை நம்பியிருந்தால் தேய்த்திருக்க மாட்டேன்" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் தாத்தா காலத்துச் சாமான் ஏதாவது இருக்கும். எடுத்துப் பாருங்கள்; விசாரியுங்கள். புளியை மட்டும் ரசத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள்!